கல்யாண வீட்டில் காய்ப்புழுக்கள்

அண்ணன் மாதவராஜின் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து கம்பைநல்லூர் வந்து இறங்கிய யுவராணி, ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புழுக்களையும் கொண்டுவந்தாள். துவரையைத் துளைக்கும் காய்ப்புழுக்கள். ஒவ்வொன்றும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் கப்பில், கொண்டைக்கடலைத் தீனியோடு இருந்தது. கூடவே கல்லூரியில் கெஞ்சி வாங்கிய மைக்ராஸ்கோப்.

அம்மா ராமக்காள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினாள்.

"ஏன்டி, கல்யாண வூட்டுக்கு எடுத்துட்டு வர்றதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலியா? சம்பந்தக்காரங்க பார்த்தா என்ன நெனப்பாங்க?"

"விட்டுட்டு வந்தா இத்தன மாச வேலையும் வீணாப் போயிரும்மா. பின்னாடி ரூம்ல வெச்சுக்கறேன். யார் கண்ணுலயும் படாது."

யுவராணியின் ஆராய்ச்சி அந்தப் புழுக்களுக்குள்ளே நடக்கும் சண்டையைப் பற்றியது. எறும்பளவே இருக்கும் ஒருவகைக் குளவி, காய்ப்புழுவின் உடம்பில் ஊசியைக் குத்தி உள்ளே முட்டையிடும். அது பொரிந்து, காய்ப்புழுவை உள்ளிருந்தே தின்று வளரும். ஒரு காய்ப்புழுவுக்குள் ஒரு குளவிதான் வளர இடமுண்டு. இன்னொரு குளவி வந்து அதிலேயே முட்டையிட்டால், உள்ளே இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். அதுவரை அவள் அறுத்துப் பார்த்ததிலெல்லாம் முதலில் பொரிந்ததுதான் உயிரோடு இருந்தது.

ஆனால் மூத்தது ஒருமுறை தோலுரித்துவிட்டால் அதன் அரிவாள் போன்ற தாடைகள் போய்விடும். அதற்கப்புறம் இளையது பொரிந்தால்? அதைப் பார்க்கத்தான் இந்தமுறை இரண்டாவது முட்டையைத் தாமதமாக இடவைத்திருந்தாள். இளையது பொரியும் நாள் சரியாகக் கல்யாணத்துக்கு மறுநாளாக வந்து சேர்ந்தது.

அன்று காலை வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். யுவராணி பின்னறையில் முதல் காய்ப்புழுவை அறுத்துக்கொண்டிருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. புதுப்பெண் பிரியதர்ஷினி. கழுத்தில் நேற்றைய மஞ்சள் கயிறு.

"கொஞ்ச நேரம் இங்க இருந்துக்கட்டுமா? எல்லாரும் என்னையே பார்த்துட்டு இருக்காங்க."

"வாங்கண்ணி. ஆனா இங்க புழு இருக்குதே."

"நான் கடத்தூர்ல ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்கறவ. புழுவுக்கெல்லாம் பயப்பட மாட்டேன்."

அவள் குனிந்து மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாள். காய்ப்புழுவுக்குள்ளிருந்து எடுத்த இரண்டு வெள்ளை உருவங்கள் உப்புத்தண்ணீர்ச் சொட்டில் நெளிந்தன. ஒன்று தடியாக, இன்னொன்று நூல்போல.

"குண்டா இருக்கறது மூத்தது. ரெண்டுமே உயிரோட இருக்குது பாருங்க," என்றாள் யுவராணி.

அதற்குள் முன்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "யுவராணி! பந்திக்கு ஆளு இல்ல, வந்து இலை போடு!"

"நீங்க போங்க. நான் பார்த்துக்கறேன்," என்றாள் அண்ணி.

யுவராணி இலை போட்டு முடித்துத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னறையிலிருந்து ஒரு அலறல்.

"யுவராணீ! ஓடி வாங்க!"

பந்தியே எழுந்துவிட்டது. மாமா குப்புராஜ் சோற்றுக் கையோடு, "பாம்புடா!" என்று தடியைத் தேடினார். எல்லோருக்கும் முன்னால் ஓடிய யுவராணி, போனை மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தபடி நின்ற அண்ணியைக் கண்டாள்.

"சின்னது கவ்விருச்சு. வுடவே இல்ல. எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டேன்."

யுவராணி குனிந்து பார்த்தாள். நூல்போன்றது தன் தாடைகளை மூத்ததின் விலாவில் இறக்கியிருந்தது. தடித்த உடம்பு ஒருமுறை துடித்து அடங்கியது. அவள் நிமிர்ந்தாள். அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

பாம்பு இல்லை என்றானதும் எல்லோருக்கும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. குப்புராஜ் கை கழுவிவிட்டு வந்து வரிசையில் நின்றார். ராமக்காள் கடைசியாக வந்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஏன்டி, ரெண்டுக்கும் ஆளுக்கொரு புழு குடுத்திருந்தா சண்டையே வந்திருக்காதில்ல?"

"அதத்தாம்மா நான் செய்யக்கூடாது."

"என்னவோ போ," என்றாள் ராமக்காள். ஆனால் இன்னொருமுறை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம்வரை நாத்தனாரும் அண்ணியும் மீதிக் கப்புகளைப் பார்த்தார்கள். சிலவற்றில் மூத்தது பிழைத்திருந்தது, பெரும்பாலானவற்றில் இளையது. அறுக்கவும் கற்றுக்கொடுக்கச் சொன்னாள் பிரியதர்ஷினி. முதலாவதைக் கிழித்துவிட்டாள். அடுத்தது சுத்தமாக வந்தது.

சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குக் கூப்பிட வந்த மாதவராஜ், புதுச்சட்டையோடு வாசலில் நின்றான்.

"கிளம்பலாமா?"

"இன்னும் கொஞ்சம் கப்பு இருக்குதுங்க. நீங்களும் உக்காருங்க," என்றாள் பிரியதர்ஷினி.

அவன் தங்கையைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அடுத்த கப்பின் மூடியைத் திறந்தான்.