முடிச்சில்லாத தையல்

எருசலேம் மலைமுகடுகளின் வெண்கற்சுவர்கள் மாலை வெயிலைக் குடித்து மெல்லப் பொன்னிறங்கொள்ள, அக்கற்களின் இடுக்குகளில் வேர்பிடித்த முட்செடிகள் காற்றில் நடுங்க, வீடுதோறும் அடுப்பிலிருந்து இறங்கிய பின்னல் ரொட்டியின் மணம் படிக்கட்டுகள் வழியே தெருவுக்கு வழிந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல் அது. ஓய்வுநாளை அறிவிக்கும் சங்கு ஒலிக்க ஒரு நாழிகையே எஞ்சியிருந்தது. ஒலித்துவிட்டால், மறுநாள் வானில் மூன்று விண்மீன்கள் தோன்றும்வரை அங்கு எந்த ஊசியும் அசையாது, எந்த நூலும் முடியப்படாது.

நூலறிந்தீர், அத்தெருவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாழ்ந்த திர்சா ஒரு துணிச்சிற்பி. ஆளிச்செடியின் நாரால் நெய்த வெண்துணியை வெட்டி, தைத்து, பஞ்சடைத்து, ஆளுயர அன்னையர் உருவங்களைப் பதினோராண்டுகளாகப் படைத்துவந்தாள். ஒவ்வோர் அன்னையின் கையிலும் ஒரு துணிக்குழந்தை இருக்கும். ஒவ்வொரு குழந்தையும், தைத்த சில நாள்களில் தையல் நழுவி, ஈரமண் சரிவதுபோல் மெத்தென்று தரையில் விழும். அவ்வோசைக்கு அஞ்சியே அவள் செவி தூக்கத்தை இழந்திருந்தது. இப்போது நிற்பது ஏழாவது உருவம். இதுவும் குழந்தையைத் தாங்காதெனில் இனி ஊசியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கீழ்வீட்டுப் புளூமா, இறந்தோரை அடக்கஞ்செய்யும் குழுவுக்கு இறுதியாடை தைப்பவள், ரொட்டியுடன் உள்ளே வந்தாள்.

"இந்தாடி. போன வாரம் மாதிரி கல்லாக்கிப் புறாவுக்குப் போட்றாத."

"புறாவே திங்கலக்கா."

"கொழுப்புடி உனக்கு." என்றவள், அன்னையின் கையிலிருந்த துணிக்குழந்தையைப் புரட்டிப் பார்க்க, சிரிப்பு அடங்கியது. "ஒரு முடிச்சுகூட இல்லையே. அம்மாக்காரி தையல்லயும் இல்ல. செத்தவங்கள எதுவும் கட்டிவைக்கக் கூடாதுன்னு பொணத்துணியத்தான் இப்படித் தைப்போம். யாரு காட்டுனா உனக்கு?"

"யாரும் காட்டல. எம் பொண்ணு செத்தே பொறந்தாள்ல, அவள சுத்தித் தூக்கிட்டுப் போனப்போ அந்தத் துணியோட ஓரம் மட்டும் கண்ணுல பட்டுச்சு. மொகத்தக்கூடக் காட்டல. கை அதையே புடிச்சுக்கிச்சுபோல."

புளூமா நாற்காலியைத் தேடி அமர்ந்தாள்.

"அது நான் தச்சது. ஒரு முழத் துணிகூட ஆகல."

திர்சா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"பேரு வைக்காம நாங்க பொதைக்க மாட்டோம். செத்தவங்க எல்லாரும் எந்திரிக்கிற நாள்ல கூப்பிடப் பேரு வேணும்ல. பெத்தவகிட்டச் சொன்னா மறக்கமாட்டாளேன்னு சொல்லாம விட்டுட்டோம்."

"பதினோரு வருசம் கீழ்வீட்டுலதான இருந்தீங்க."

"இருந்தேன்."

"என்ன பேரு?"

"யெமிமா."

திர்சா ஊசியை எடுத்து, அன்னையின் தோளிலும் முழங்கையிலும் மார்பிலும் ஓடிய தையல்களின் முனைகளை ஒவ்வொன்றாக இறுக முடிந்தாள். புளூமா மறுபுறம் மண்டியிட்டு எஞ்சியவற்றை முடிந்தாள். குழந்தையின் தையலை இருவரும் தொடவில்லை. கடைசி நூலை அறுத்தபோது சங்கு முழங்கியது. திர்சா குழந்தையைத் தூக்கி, அன்னையின் கைகளில் வைக்காது, காலடித் தரையில் கிடத்தினாள். எடை நீங்கியும் அக்கைகள் வளைந்தே நின்றன.

எல்லோரும் ஏற்றும் இரண்டோடு, பெற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஓய்வுநாள் விளக்கைக் கூட்டுவது அவள் குடும்பத்துப் பெண்டிர் வழக்கம். இதுகாறும் இரண்டே ஏற்றிவந்தவள் அன்று சங்கொலி அடங்குமுன் மூன்று ஏற்றினாள். மூன்றாஞ்சுடர் எரிந்து அடங்கும்வரை அவள் செவி குழந்தை விழும் அந்த ஓசைக்காகக் காத்திருந்தது. விழுவதற்கு ஒன்றுமில்லாத அவ்வறையில் ஓசை எழவில்லை. பதினோராண்டு அஞ்சியது வாராதொழிந்த அந்த அமைதியில்தான், தன் மகள் இறந்துவிட்டாள் என்பதை அவள் முதன்முறையாக அறிந்தாள்.