பதினொரு தப்பு அளவுகள்

அக்காவின் ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. கல்லூரி முதல்வரைக் கிண்டலடித்து எழுதி இரண்டு முறை மன்னிப்புக் கடிதம் கொடுத்தவன் என்பதால், அலுவலகக் கடிதங்களுக்கு வீட்டில் நானே நிபுணன்.

“காரணம்?”

“வேலைக்கு லாயக்கில்லன்னு போடு.”

மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் பொடிகளை எடை பார்ப்பது அவள் வேலை. ஆறு வருடமாக ஒரு பிசகு இல்லை. இந்த மூன்று மாதத்தில் பதினொரு அளவுகள் தப்பாகி, விளக்கம் கேட்டு மெமோ வந்திருந்தது.

“கை நடுங்குதாக்கா?”

“கைக்கு ஒண்ணுமில்ல. அந்தத் தராசு மூச்சுக் காத்துக்கே ஆடும்.”

“அப்ப மூச்சு விடாம வேலை செய். இதுக்குப் போய் ராஜினாமாவா?”

அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இது புதிதல்ல. திட்டவும் இல்லை என்பதுதான் பயமாக இருந்தது.

“என் மூச்சு இல்லடா.”

பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். புதிதாக வந்த பிரிவுத் தலைவர், அவள் தராசின் கண்ணாடிக் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து வருவார். பின்னால் ஒட்டி நிற்பார். இடுப்பில் கை வைப்பார். விலகினால் கையிலிருக்கும் பொடி கொட்டிவிடும்.

“இப்பல்லாம் பஸ்ல பின்னாடி யாராவது நின்னாலே இறங்கிடறேன். முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிட்டாதான் தூக்கம் வருது.”

மெமோவோடு வந்திருந்த எடைப் பதிவேட்டு நகலை எடுத்துப் பார்த்தோம். பதினொரு தப்பும், அவர் வந்து நின்றதாக அக்கா சொன்ன நாட்களில். அவர் விடுப்பில் இருந்த இரண்டு வாரமும் எல்லா அளவும் சரி.

ராஜினாமாவை அழித்துவிட்டுப் புகார் எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே அவருக்கு நான்கு பட்டங்கள் கொடுத்தேன். அக்கா நான்கையும் பிடுங்கினாள்.

“தேதி, நேரம், எங்க கை வெச்சாரு. அவ்வளவுதான்.”

“‘காட்டெருமை’ மட்டும் இருக்கட்டுமேக்கா.”

“காட்டெருமை என்னடா பாவம் பண்ணுச்சு?” என்றவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. தட்டச்சுப் பலகையை விட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மறுநாள் அவளோடு கம்பெனிக்கு நானும் போனேன். புகார்க் குழு அறையிலிருந்து அவள் வெளியே வர ஒன்றரை மணி நேரமானது.

“விசாரணை முடியறவரைக்கும் அவரை வேற கட்டடத்துக்கு மாத்தறாங்களாம்.”

“நீ?”

“உள்ள போறேன். எடை பாக்க இன்னும் பன்னெண்டு சாம்பிள் பாக்கி கிடக்கு. நீ காலேஜுக்குக் கிளம்பு.”

நான் கிளம்பவில்லை. சாயங்காலம்வரை வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலை கேட்டு வந்தவனா என்று காவலாளி மூன்று முறை விசாரித்தார். மூன்றாம் முறை, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.