கணக்கில் மிஞ்சிய ஒருவர்

1

இந்தக் கதை ஒரு அடிக்குறிப்பில் கிடைத்தது. பல் மருத்துவரின் வரவேற்பறையில் யாரோ ஒரு ஆராய்ச்சி இதழை விட்டுப் போயிருந்தார்கள். வேலையின்மை ஏன் வருகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்று நீண்ட கட்டுரை. பல்வலிக்காரன் எதையும் படிப்பான். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி இருந்தது: ‘அனைவருக்கும் வேலை கிடைத்தபின் எஞ்சிய ஒருவர் குறித்துத் தனியே ஆராயப்பட வேண்டும்.’

அவ்வளவுதான். யார் அந்த ஒருவர், வீட்டில் அவரை என்ன சொன்னார்கள், ஒரு வார்த்தை கிடையாது. அதற்குக் கீழே நன்றியுரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைப் பிடுங்கிய பிறகும் கோபம் போகவில்லை. சரி, தனியே ஆராய்ந்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்தது. வேலையிழந்தவர் ஜன்னலோரம் அமர்ந்து’

(நிறுத்திவிட்டேன். வேலை போனவர்களை ஜன்னலோரம் உட்காரவைப்பதை நாம் எப்போதுதான் விடப்போகிறோம்? அவர்களுக்கும் கடைக்குப் போகிற வேலை, ஒழுகுகிற குழாயைச் சரிசெய்கிற வேலை எல்லாம் இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: ‘உழைப்புச் சந்தை என்பது’

(வேண்டாம்.)

மூன்றாவது: அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இது நிற்கிறது. தொடர்கிறேன்.

3

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. வேலை தேடும்போது ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சியில் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை ஒரு பெண் ஃபோன் செய்து கேட்பாள்: “கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செய்தீர்களா?” ‘இல்லை’ என்றால் அடுத்த மாதமும் கேட்பாள். ‘ஆம்’ என்றால் வாழ்த்துச் சொல்லிக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவாள். பிறகு ஃபோன் வராது.

ஆரம்பத்தில் பேராசிரியரின் ஆராய்ச்சி அறை நிறைய ஃபோன் செய்கிற பெண்கள் இருந்தார்கள். பட்டியலில் ஆட்கள் குறையக் குறைய இவர்களையும் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியவள் இவள் ஒருத்தி. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அம்மாவுக்கு மாத்திரை, தம்பிக்குப் படிப்பு.

ஒருநாள் அவர், பட்டியலில் இன்னும் எத்தனை பேர் என்று சும்மா கேட்டார். நீங்க ஒருத்தர்தான் சார், உங்களுக்கு வேலை கிடைச்சா எனக்கு வேலை போயிடும் என்று இவள் சிரித்தாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். லிஃப்ட் மெக்கானிக்குகளிடம் விளையாட்டுப் பேச்சு கூடாது. ‘கொஞ்சம் ஆடுகிறது’ என்று யார் சொன்னாலும் அதை முழுதாக நம்புகிற தொழில் அது.

4

அடுத்த மாதம் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், லிஃப்ட் பராமரிப்பு.

ஃபோன் வந்தது. இவள் கேட்டாள். இல்லீங்க மேடம் என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல், “நான்காம் தளம். கதவு திறக்கிறது” என்றது.

“எங்க சார் இருக்கீங்க?”

“வீட்லதான்.”

அவர் வீடு ஓட்டு வீடு. அது இவளுக்குத் தெரியும். இவள் ‘இல்லை’ என்று பதிந்தாள்.

(இங்கே எனக்கு இவள் மேல் சந்தேகம் வந்தது. ஏமாற்றுக்காரியா? விதிமுறையை எடுத்துப் பார்த்தேன். நானே எழுதிய விதிமுறைதான். பதில் சொல்பவர் சொன்னதை அப்படியே பதிய வேண்டும் என்று இருக்கிறது. லிஃப்ட் சொன்னதைப் பற்றி ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.)

இப்படியே மாதங்கள் போயின. ஒருவர் வயிற்றில் ஒருவர் அடிக்காமல் இருவரும் பொய் சொன்னார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

5

பேராசிரியர் கெட்டவர் இல்லை. ராப்பகலாக உழைத்தார். இந்த மனிதருக்கு மட்டும் ஏன் வேலை கிடைக்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டார். வயதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். செய்தித்தாளுக்குப் பேட்டியும் கொடுத்தார்: ஐம்பது வயதுக்கு மேல் போன வேலை திரும்ப வருவதில்லை, தரவுகள் அப்படித்தான் சொல்கின்றன. தரவுகள் அப்போது ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பேட்டியை மெக்கானிக்கின் தம்பி படித்தார். அதே கம்பெனியில் வேலை போனவர், இவரைவிட இரண்டு வயது இளையவர், அவரும் ஐம்பதைத் தாண்டியவர்; ஆராய்ச்சிப் பட்டியலில் மட்டும் இல்லை. படித்து மடித்து வைத்துவிட்டு, நேர்காணலுக்கென்று வைத்திருந்த நல்ல சட்டையை வீட்டில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தேடுவதை விட்டாயிற்று.

எனக்குக் கிடைத்ததேடா என்று அண்ணன் கேட்டார். உனக்கு ஏதோ அதிர்ஷ்டம் என்றார் தம்பி. அண்ணன் தயங்கித் தயங்கி உடைத்தார்.

“அந்த ஆராய்ச்சியே நான்தான்டா.”

“ஆறுதலுக்குச் சொல்லாதண்ணே.”

படித்தவர் பேப்பரில் சொன்னது எங்கே, கூடப்பிறந்தவர் கூடத்தில் சொன்னது எங்கே! தம்பி அந்தச் சட்டையிலேயே படுத்துத் தூங்கினார்.

6

முடிவு என்று ஒன்று வேண்டுமாம்.

(அ) ஆஸ்பத்திரியில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஃபோனில் பேச ஒரு ஆள் தேவைப்படுகிறது. இவளை எடுத்துக்கொள்கிறார்கள். எழுதினேன், நன்றாகவே வந்தது. எந்த ஊரில் இப்படி நடக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். கிழித்துவிட்டேன்.

(ஆ) அவர் மறுபடி ‘இல்லை’ என்கிறார். தம்பி

(இதை என்னால் எழுத முடியவில்லை.)

(இ) இவள் ஃபோன் செய்கிறாள். இவள் வாய் திறக்குமுன் அவர் ஆஸ்பத்திரி, பேட்டி, தம்பி, சட்டை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார். இவள் கடைசிவரை கேட்டாள். நான்காம் தளம் இரண்டு முறை வந்து போனது.

“நான் உண்மையச் சொன்னா அவரு பேப்பர்ல மாத்திச் சொல்வாரா மேடம்?”

“சொல்வாரு சார்.”

“அப்ப உங்க வேலை?”

அம்மாவின் மாத்திரை நினைவுக்கு வந்தது. பயமாக இருந்தது. இருந்தும் கேள்வியை முறையாக, முழுதாகப் படித்தாள். “கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு வேலை செய்தீர்களா?”

“செஞ்சேன் மேடம். வாரம் பூரா செஞ்சேன்.”

பதிந்தாள். “வாழ்த்துகள் சார்.”

விதிப்படி ஃபோனை வைத்துவிட வேண்டும். அவர் வைக்க விடவில்லை.

“உங்களுக்கு வேற வேலை கிடைக்க எவ்வளவு நாள் ஆகும் மேடம்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அந்த அறை, பேராசிரியர், சுவர் முழுக்க வரைபடங்கள். இவள் அவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். சராசரிகள் இருந்தன. அவர் கேட்டது சராசரியை இல்லை.

எனக்கும் தெரியாது. கதை எழுதுகிறவனிடம் இதற்கு விடை இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாவது சொல்லுங்கள். ஃபோனில் பொறுமையாகப் பேசுவாள், அடுத்தவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பாள். இரண்டு பேரும் இன்னும் லைனில்தான் இருக்கிறார்கள்.