அடியில் ஒட்டி வந்த கடிதம்

கரண்ட் போனால் நான் எதிர்வீட்டுக்குப் போய்விடுவேன். இன்வெர்ட்டர் அங்கேதான் இருந்தது. ஃபேனும் ஓடும், சண்டையும் ஓடும்.

2008-இல் அண்ணன் ஜெயக்குமாரும் தம்பி குமரேசனும் அங்கே கூட்டாகப் பட்டுச்சேலை மொத்த வியாபாரம் செய்தார்கள். பேச்சு மட்டும் கூட்டில் சேரவில்லை. வீட்டு முன்னறைதான் ஆபீஸ். கம்பெனிக்கு வரும் மெயில் எல்லாம் அங்கிருந்த மூன்று கம்ப்யூட்டரிலும் தெரிகிற பொதுப்பக்கம் ஒன்றில் விழும். மெயில் விழுந்ததும் தானாக விழித்துக்கொள்ளும் புரோகிராம் ஒன்றைக் குமரேசனின் மனைவி ஹேமலதா எழுதியிருந்தாள். அது ஆர்டரைப் பட்டியலில் ஏற்றும், மற்றதைக் கழித்துவிடும்.

அந்தக் கழிப்பதில்தான் மூத்தவருக்கு மூக்கு வியர்த்தது. பெங்களூர்க் கடைக்காரரிடமிருந்து இரண்டு மாதமாக ஆர்டர் இல்லை. ஹேமலதாதான் மறைக்கிறாள் என்று நெசவுக்காரர்கள் எதிரிலேயே சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பெங்களூர் மெயில் கண்ணில் படாவிட்டால் அவள் ஆபீஸ் படியேறக்கூடாதாம். குமரேசன் வழக்கம்போலச் சேலை மடித்துக்கொண்டிருந்தார். வாய் இருப்பதை மறந்துவிட்ட மனிதர்.

"தெனம் ஒரே பேஜாரா கீது. இனிமே எது வந்தாலும் ஒரு எழுத்து கொறையாம எல்லாருக்கும் தெரியணும். நீகூட அழிக்க முடியக்கூடாது," என்றார் மூத்தவர் ஹேமலதாவிடம்.

"அப்புறம் நீங்களே கேட்டாலும் அழியாது மாமா."

"நான் இன்னாத்துக்குக் கேக்கப்போறேன்?"

அவள் அப்போதே உட்கார்ந்து புரோகிராமை மாற்றினாள். பக்கத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. தட்டிய தட்டில் கோபம் மட்டும் புரிந்தது.

வியாழக்கிழமை மதியம் கரண்ட் போய் நான் அங்கே இருந்தபோது பெங்களூர் மெயில் வந்தே விட்டது. "உங்கள் யோசனைக்குச் சம்மதம்" என்று ஒரே வரி. ஜெயக்குமாரின் சொந்த முகவரிக்கு எழுதிய பதில் அது. பழக்க தோஷத்தில் கம்பெனிக்கும் ஒரு நகல் போட்டிருந்தார் கடைக்காரர். ஆர்டர் இல்லையே, பழைய புரோகிராம் என்றால் சத்தமில்லாமல் கழித்திருக்கும். புதியது அடியில் ஒட்டி வந்த வாலையும் சேர்த்துப் போட்டுவிட்டது. வால் என்பது இரண்டு மாதம் முன்பு ஜெயக்குமார் எழுதிய கடிதம். தம்பி போடும் ஜரிகை போலி, ஆர்டரை நிறுத்துங்கள், நான் தனிக்கடை வைத்ததும் எனக்கே கொடுங்கள்.

மூன்று கம்ப்யூட்டரிலும் அதுதான் நின்றது.

"அத்த அழி," என்றார் மூத்தவர், குரலை இறக்கி.

"முடியாது மாமா. நீங்க சொன்ன மாதிரிதான் எழுதினேன்."

குமரேசன் மடித்த சேலையைக் கீழே வைத்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். அண்ணன் எதிரில் வந்து நின்று, ஆபீஸ் சாவிக்குக் கை நீட்டினார்.

"நாளைக்குத்தான் வெள்ளிக்கெழமை. யாரு படியேறக்கூடாதுன்னு சொன்னீங்கண்ணா?"

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. நான் கிளம்பவில்லை.