திருட்டுத் தண்ணி வீரணன்

அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தின் தலைப்பைப் படித்ததும் தங்கமுத்துவின் நிமிர்ந்த முதுகு இன்னும் விறைத்தது. ‘வசைப்பாடல்கள்.’ அதற்குக் கீழே அவருடைய முப்பாட்டன் வீரணனின் பெயர்.

எதிரே சரண்யா உட்கார்ந்திருந்தாள். அறந்தாங்கிக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியை. சுற்றுவட்டாரக் கதைப்பாடல்களைச் சேகரித்து வகை பிரிப்பவள். வீரணன் கதையை மாசியில் இவரையே பாடச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு போனவள்.

“ஏம்மா, வீரர் கதைன்னு தனியா ஒரு வகை இருக்குல்ல?”

“இருக்குங்கய்யா.”

“கண்மாய் மடையில உசுர விட்ட மனுசனுக்கு அதுல எடமில்லையாக்கும்? வசவுல கொண்டுபோய்ச் சொருகிட்டீங்க. எங்க வம்சத்துக்கே கரி பூசுற வேலையில்ல இது?”

“நீங்க பாடுனது அடிக்குறிப்புல இருக்குங்கய்யா. தென்கரையில பாடுறதுதான் முழுசா இருக்கு, சொல்லும் பழசு. அதைத்தான் மூலமா வச்சேன்.”

“தென்கரையா! அவனுக பாட்டக் கேட்டா விளங்குமா?”

கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊர் அது. பஞ்சத்தில் அவர்களுடைய முறைத் தண்ணீரை வீரணன் மடை திறந்து தன் ஊர் வயலுக்கு விட்டான் என்பது அவர்கள் கோபம். அதற்காக அவனை மடையிலேயே அடித்துக் கொன்றவர்கள். இன்றும் அந்த ஊரில் தங்கமுத்து வீட்டார் கை நனைப்பதில்லை.

“ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் என்னையத் திட்டுங்க” என்று சரண்யா செல்போனை மேசையில் வைத்தாள். பெண்கள் கும்மி கொட்டும் சத்தம் எழுந்தது.

*திருட்டுத் தண்ணி வீரணனாம்,*
*தெருவெல்லாம் அவன் பேச்சு;*
*ஊரே கூடி இழுத்தாலும்*
*ஒத்தையில நின்னானே!*
*பல்லு ஒடைஞ்சும் பாவிப்பய*
*மடைக்கல்ல விடலையடி!*

“இன்னொருக்கா போடும்மா.”

மறுபடியும் கேட்டார். ‘பாவிப்பய’ வந்த இடத்தில் அவர் மீசை லேசாகத் துடித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“மாத்த வேணாம். வசவுலயே இருக்கட்டும்.”

“ஐயா, மனசுக்கு ஒப்பலைன்னா வீரர் கதையிலயும் ஒரு குறிப்பு...”

“வேணாங்கிறேன்ல? வீரன்னு நாங்க பாடுனா வீட்டுப் பெருமை. அடிச்சவனே வைஞ்சுக்கிட்டு, விடலையடின்னு பாடுறான் பாருங்க, அதுதாம்மா சாட்சி. எங்க பாட்டு அடிக்குறிப்புலயே கெடக்கட்டும்.”

வாசல் வரை போனவர் திரும்பினார்.

“அந்தப் பாவிப்பய... அச்சுல விட்டுப்போயிறாமப் பாத்துக்கங்க.”