பொய்ச்சாட்சி யூதன்

மற்றவர்கள் மெழுகுவத்தி நேர்ந்துகொள்வார்கள், மொட்டை நேர்ந்துகொள்வார்கள். நான் என் புருஷனையே நேர்ந்துவிட்டேன். வாய் அப்படி.

சண்டைக் காலத்தில் அவர் பட்டாளத்தில் இருந்தார். ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. கோயிலுக்கு ஓடி முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, ராயப்பராஜ் உசுரோட திரும்பட்டும். இருக்குற வரைக்கும் வருசா வருசம் பாஸ்காவுல பொய்ச்சாட்சி யூதனா நிப்பாரு. முதல் சாணி உருண்டைய நானே எறியிறேன்" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அப்புறம் மாற்றிப் பேச முடியுமா?

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே. பெரிய வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் மைதானத்தில் சேசுநாதர் பாடுபட்டதைப் பாஸ்கா நாடகமாகப் போடுவோம். சேசுநாதராக நிற்கப் போட்டி நடக்கும். பொய்ச்சாட்சி யூதனாக நிற்க ஒருவனும் வரமாட்டான். தீர்ப்புச் சொல்லும் பிலாத்துவின் முன்னால் வந்து ஒரு பொய்யைச் சொல்வதுதான் அவன் வேலை. சொன்னதும் ஊரே அவன் மேல் சாணி எறியும். வேதத்தில் அந்தச் சாட்சி பெரிய குரு கைப்பாஸ் வீட்டில்தான் நடக்கிறது. எங்களுக்கு ஆள் பற்றாக்குறை, எல்லா விசாரணையும் பிலாத்துவிடமே. யாரும் வராத வேஷம் என்பதால் அதுவே பெரிய நேர்ச்சையாகிவிட்டது. நேர்ந்த வீட்டுப் பெண் முதல் உருண்டையை எறியாமல் வேறு யாரும் கையை ஓங்கக் கூடாது. அது கோயில் ஒழுங்கு.

சண்டை முடிந்து அவர் வந்தார். எலும்பும் தோலும், கூடவே ஓர் இருமல். ஜெர்மன்காரனிடம் கைதியாக இருந்தாராம். நேர்ச்சையைச் சொன்னேன். "நேந்துட்டியா? சரி, கட்டுறேன்" என்றார். அதோடு சரி. கைதியாக இருந்த கதையைக் கேட்டால் உருளைக்கிழங்குத் தோல் தின்றதைச் சொல்வார், பேச்சை மாற்றுவார். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் நான் முதலில் எறிவேன், ஊர் எறியும். பிறகு வீட்டில் சீயக்காய் போட்டு நானே தேய்த்து விடுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அன்பே பிரதானம் என்று பாடம் நடத்துகிற டீச்சர் நான்.

அறுபத்தொன்றில் பத்திரிகையில் அந்த வழக்கு வர ஆரம்பித்தது. ஜெருசலேமில் ஒரு ஜெர்மன் அதிகாரியைக் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தி விசாரித்தார்கள். யூதர்களைக் கொல்ல ரயில் ரயிலாக அனுப்பி வைத்தவனாம். இவர் திண்டுக்கல் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பும்போது பத்திரிகையோடு வருவார். விளக்கடியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிப்பார்.

ஒருநாள் இருதயநாதன் வந்து உட்கார்ந்து இவர் படிப்பதைக் கேட்டார். அவர்தான் எங்கள் நாடகத்துக்கு வாத்தியார், பிலாத்துவும் அவர்தான்.

"ஏப்பா ராயப்பு, யூதங்க இன்னுமா இருக்காங்க?" என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் படித்த எனக்கும் யூதன் என்றால் சணல் தாடியும் கறுப்பு அங்கியும்தான் கண்ணில் வந்தது. இவர் சிரிக்கவில்லை. இருதயநாதன் போன பிறகு, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கைதியா நான் கரி அள்ளுன ஸ்டேசன் வழியா அந்த ரயிலு போகும் இஞ்ஞாசி. மாடு ஏத்துற கூட்ஸ் பெட்டி. வெளிய பூட்டு, உள்ள ஆளுக. பலகை இடுக்குல விரலு தெரியும். சின்னப் பிள்ளைக விரலும் தெரியும். தண்ணி கேட்டாங்க. பாசை தெரியலன்னா என்ன, தண்ணி கேக்குறது தெரியாதா?"

"குடுத்தீங்களா?"

"டப்பாவுல மோந்துக்கிட்டுப் போனேன். காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால நெஞ்சுல இடிச்சான். அந்த இருமல்தான் இது."

இத்தனை வருஷம் பனங்கற்கண்டும் மிளகும் இடித்துக் கொடுத்த இருமல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஊருக்கு வந்ததும் பட்டாளத்து ஆபீசர்கிட்ட சொன்னேன். உன்னைய அடிச்சத மட்டும் சொல்லு, மத்தது நம்ம கேசு இல்லன்னுட்டான். இப்ப ஒவ்வொருத்தரா கோர்ட்ல ஏறிச் சொல்றாங்க. உலகமே கேக்குது. நானும் பாத்தவன்தானே. என்னைய யாரு கூப்பிடுவா?" இருமிவிட்டுச் சொன்னார். "இனிமே அந்த வேசம் எனக்கு வேணாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. திண்டுக்கல் டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு நெஞ்சு ரொம்பக் கெட்டிருக்கிறது என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் ஆண்டவரிடம் சொன்ன வாக்கை முறிப்பதா?

"அவரு குடுத்த உசுரு. வாக்குத் தவறுனா எடுத்துக்குவாரு. என் தாலிய அறுத்துட்டுப் போகப் போறீகளா?" என்று கத்தினேன்.

பங்குச் சாமியாரிடமும் போனேன். நேர்ந்தவள் நீ, உனக்கு மனமிருந்தால் வேறு நேர்ச்சையாக மாற்றித் தருகிறேன் என்றார். எனக்கு மனம் இருந்தது, தைரியம்தான் இல்லை. சண்டையும் அழுகையுமாகத் தவக்காலம் வந்தது. கடைசியில் அவருக்கே அலுத்துவிட்டது. "சரி, கட்டுறேன். நீ அழுவாத" என்றார். எனக்கும் அலுப்புதான். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. மைதானம் நிறைய ஜனம். என் வகுப்பு நாற்காலியில் சிவப்புத் துணி போர்த்தி பிலாத்து உட்கார்ந்திருந்தார். கையில் சாணி உருண்டையோடு நான் முன்வரிசையில் நின்றேன். என் பின்னால் ஊரும் அப்படியே நின்றது. சணல் தாடி கட்டிக்கொண்டு இவர் மேடை ஏறினார்.

"இந்த மனிதன்மேல் உன் சாட்சி என்ன?" என்று பிலாத்து கேட்டார்.

தேவாலயத்தை இடிப்பேன் என்று இவன் சொன்னதைக் கேட்டேன் என்பதுதான் அவர் சொல்ல வேண்டிய வசனம். இவர் சேசுநாதரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இவர்மேல எனக்குச் சாட்சி இல்ல. வேற சாட்சி இருக்கு" என்றார்.

"ஏலே ராயப்பு, வசனத்தச் சொல்லு" என்று இருதயநாதன் பல்லைக் கடித்தார்.

"மாடு ஏத்துற பெட்டியில ஆளுகளப் பூட்டிக் கொண்டுபோனாங்க. நான் பாத்தேன்."

கூட்டம் சலசலத்தது. புது வசனமா என்று ஒருவன் கேட்டான். "டீச்சர், எறிங்க! நேரமாச்சு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லார் கையும் ஓங்கியே இருந்தது, என் கைக்காகத்தான் காத்திருந்தார்கள். எறிந்தால் நேர்ச்சை நிறைவேறும், அவர் உயிர் தங்கும். எறிந்தால் ஊர் முழுதும் எறியும், அவர் வாயும் அடைபடும். ஆண்டவரே, எடுத்துக்கொள்வதென்றால் எடுத்துக்கொள்ளும், இந்த மனுஷன் சொல்லி முடித்துக்கொள்ளட்டும் என்று வேண்டி, கையை இறக்கி இறுக மூடிக்கொண்டேன்.

இருமி இருமிச் சொன்னார். விரல்களைச் சொன்னார். தண்ணீரைச் சொன்னார். கையில் உருண்டையோடு ஊர் கேட்டுக்கொண்டு நின்றது. வேறு என்ன செய்யும்? எனக்கு முன்னால் எறிய யாருக்கும் உரிமை இல்லை.

"போறப்ப நெறஞ்சு போகும். வாரப்ப காலியா வரும். நான் பாத்தேன். அம்புட்டுதான்" என்று முடித்தார்.

பிலாத்துவுக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று.

இவர் மேடையின் விளிம்புக்கு வந்தார். வருஷா வருஷம் செய்வது போலக் கண்ணை மூடி, முகத்தை என் பக்கம் காட்டி, முதல் உருண்டைக்காக நின்றார்.

என் விரலிடுக்கில் சாணி காய்ந்துபோயிருந்தது.

"கண்ணத் தொறங்க," என்றேன். "வீட்டுக்குப் போவோம்."