ஆறாம் லயத்துக்கு இரண்டு விடைகள்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெருங்கணிப்புக் கணினிகளில் மென்பொருள்களை நிறுவிப் பராமரிக்கும் ஒரு கருவி, அதன் புதிய வசதிகள், எட்டுப் பக்கம்; தமிழில் வேண்டும் என்றார்கள். மூன்றாம் பக்கத்தில் 'ஏற்கெனவே கட்டப்பட்டதை மீளப் பயன்படுத்தல்' என்று எழுதிவிட்டு, எழுதியது என்னவென்று எனக்கே விளங்காமல் விழித்தேன். கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் றலியாவிடம் கேட்கப் போனேன். அவர் நீரியல் படித்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் விளக்கம் எதுவும் தரவில்லை. 2008 நவம்பரில் நடந்த ஒன்றைச் சொன்னார். மொழிபெயர்ப்பு இன்னும் மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'மலை அழுதுகொண்டிருந்தது. சத்தியபாமா யன்னலருகே வந்து…'

(வேண்டாம். மலை அழாது. அவள் வேலை செய்த கணினி அறைக்கு யன்னலும் இல்லை. குளிரூட்டியின் காற்று வெளியே போகாமலிருக்கப் பலகை அடித்து மூடியிருந்தார்கள்.)

'வன்னியில் போர் உக்கிரமடைந்திருந்த அந்நாட்களில் கண்டி மாநகரம்…'

(இது பத்திரிகைக் கட்டுரை.)

மூன்றாவது இது. சத்தியபாமாவுக்கு முப்பத்தொரு வயது, பருத்தித்துறைக்காரி. கண்டியில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பன்னிரண்டு பழைய கணினிகளை ஒன்றாக இணைத்து, ஒரே பெரிய கணினியைப் போல வேலை வாங்குவது அவள் பொறுப்பு. அம்பிட்டியவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். வடக்கிலிருந்து வந்த தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம்; பதிந்த துண்டு இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டாள்.

அந்தக் கணினிகளில் ஓடிய முக்கியமான வேலை றலியாவினுடையது. மழையின் அளவைக் கொடுத்தால் ஒரு மலைச்சரிவு நிற்குமா விழுமா என்று கணக்கிடும் நிரல் அது. விடை ஓர் எண்ணாக வரும். ஒன்றுக்கு மேலே என்றால் சரிவு நிற்கும், கீழே என்றால் நிற்காது.

3

எந்த நிரலும் தனியாக நிற்பதில்லை. இன்னொன்றின் தோளில் நிற்கும், அது வேறொன்றின் தோளில். எது எதன்மேல் நிற்கிறது என்று பார்த்து, அந்த ஒழுங்கில் எல்லாவற்றையும் கட்டி நிறுவுவதற்குச் சத்தியபாமா ஒரு கருவி எழுதியிருந்தாள். 'அடுக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். அப்படிக் கட்டி முடித்தது ஒவ்வொன்றும் ஒரு 'கட்டு'. அந்த மாதம் கருவிக்கு இரண்டு புதிய வசதிகள் சேர்த்தாள். ஒரே நிரலின் பழைய கட்டையும் புதிய கட்டையும் அழிக்காமல் அருகருகே வைத்திருக்கலாம் என்பது முதலாவது. மற்றது, எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டத் தேவையில்லை, ஏற்கெனவே கட்டிக் கிடப்பது போதிய அளவு ஒத்திருந்தால் கருவி அதையே எடுத்துக்கொள்ளும். அடியிலிருந்து கட்டினால் பதினான்கு மணி நேரம் போகும். இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே இரண்டாவது வசதியில் அவளுக்கு நல்ல சந்தோஷம்.

(போதிய அளவு என்றால் எவ்வளவு என்று றலியாவிடம் கேட்டேன். "அதத்தான் அண்டைக்கு நாங்களும் கேட்டுட்டு இருந்தோம்" என்றார்.)

4

சனிக்கிழமை மத்தியானம். பன்வில பக்கம் மூன்று நாளாக மழை. ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆறாம் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, மேலேயுள்ள சரிவை றலியா கணக்கிட்டார். லயத்தில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். பழைய கட்டு 1.04 என்றது. புதிய கட்டு 0.97 என்றது. அதே மழை, அதே மண், அதே சரிவு.

புதிய கட்டுக்காகக் கருவி மீளப் பயன்படுத்திய ஒரு கணிதத் தொகுப்பு, தசமங்களை வேறு விதமாக வெட்டியிருக்கிறது என்று ஒரு மணி நேரத்தில் சத்தியபாமா கண்டுபிடித்தாள். எந்த விதம் சரி என்பதை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. அடியிலிருந்து கட்டிப் பார்க்கலாம், ஆனால் விடை விடியத்தான் வரும். மழையோ பின்னேரம் ஆறு மணிக்கு உச்சத்துக்குப் போகும் என்றிருந்தது.

எச்சரிக்கை கொடுக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு இல்லை. அதிகாரமுள்ள அலுவலகத்தில் சனிக்கிழமை யாரும் போன் எடுக்கவில்லை. கொழும்புக்குப் போயிருந்த பணிப்பாளரும் எடுக்கவில்லை. அவர் எழுத்தில் போட்டிருந்த ஒரு சட்டம் மட்டும் இருந்தது: 'மண்சரிவு' என்ற சொல்லை வெளியாட்களிடம் யாரும் வாயில் எடுக்கக் கூடாது.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மா, நிறுவனத்தின் மழைமானியைத் தினமும் காலையில் வாசித்து, நிறுவனம் கொடுத்த போனில் அளவைச் சொல்வார். சத்தியபாமா அந்த எண்ணை அழுத்தினாள்.

"வடிவம்மா, இண்டைக்கு இருட்ட முதல் ஆறாம் லயத்து ஆக்கள் எல்லாரையும் வெளிக்கிடச் சொல்லுங்கோ. ராவைக்கு அங்கை ஒருத்தரும் படுக்க வேண்டாம்."

மறுமுனையில் மழை இரைந்தது.

"எந்தப் பக்கமா வாறாங்க மிஸ்?" என்றார் வடிவம்மா. அத்தோடு லைன் அறுந்துவிட்டது. பிறகு கிடைக்கவே இல்லை.

(இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம். படித்தவள், உயிர் போகிற விஷயத்தில் அந்த ஒரு சொல்லை விட்டுவிடுவாளா? றலியாவிடம் வாதாடினேன். பதிவுத் துண்டோடு திரிகிற ஒருத்தி, யார் யார் கேட்கிறார்களோ என்று தெரியாத போனில், எழுத்தில் தடுத்த சொல்லைச் சொல்ல மாட்டாள் என்றார். சந்தேகம் போகவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.)

5

வடிவம்மாவின் கேள்வி சத்தியபாமாவுக்கு விளங்கவில்லை. அவள் அதைத் திருப்பிச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த றலியாவுக்கு விளங்கியது.

"பாமா, நீங்க மண் வருதுண்டு சொன்னீங்களா?"

"இல்லை."

"அவங்க ஆள் வருதுண்டு நினைக்கிறாங்க."

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது வடிவம்மாவுக்குப் பத்தொன்பது வயது. நல்ல மனமுள்ள ஒரு சிங்களக் கிளாக்கர் லயத்துக்கு வந்து, ராவைக்கு இங்கே படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சனம் மேலே ஏறித் தேயிலைக்குள் படுத்துக்கொண்டது. கீழே லயம் எரிந்தது. தேயிலைக்குள் படுத்தவர்கள் தப்பினார்கள். இதை வடிவம்மாவே ஒருநாள் மழை அளவோடு சேர்த்து றலியாவிடம் சொல்லியிருந்தார்.

அப்படியென்றால் இன்றைக்கும் அவர்கள் மேலேதான் போவார்கள். விழும் என்று புதிய கட்டு சொன்ன அதே சரிவுக்கு.

றலியாவின் கணவர் ஹுஸைன் வானைக் கொண்டுவந்தார், மூவரும் ஏறினார்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எங்கே அவசரம் என்று கேட்டவரிடம், ஒரு தோட்டத்து ஆட்களை வெளியேற்றப் போகிறோம் என்றாள் சத்தியபாமா, தெரிந்த சிங்களத்தில். ஏன், யார் வருகிறார்கள் என்று அவரும் கேட்டார். அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஊர் பருத்தித்துறை. அவளை மட்டும் இறங்கச் சொன்னார்கள்.

"நீங்கள் நிக்காதேங்கோ, போங்கோ" என்றாள் றலியாவைப் பார்த்து.

6

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. லயம் வெறிச்சென்று கிடந்தது. ஓர் அடுப்பில் இன்னும் தணல். றலியா சரிவைப் பார்த்துக் கூப்பிட்டார். பதில் இல்லை. மழையில் யாருடையதென்று தெரியாத குரல், தெரியாத வான், எரிகிற லைட். அவர்கள் இன்னும் பதுங்கியிருப்பார்கள். கூப்பிடக் கூப்பிடப் பயம்தான் கூடும் என்பது றலியாவுக்குப் புரிந்தது.

பிறகு உரத்த குரலில், "புதன் அறுபத்தொண்டு" என்றார். "வியாழன் எம்பத்தி நாலு. வெள்ளி நூத்திப் பன்னெண்டு."

அந்த வாரம் வடிவம்மா வாசித்துச் சொன்ன மழை. அவரையும் நிறுவனத்தையும் தவிர யாருக்கும் தெரியாத எண்கள். தேயிலைக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பியது.

(வாசகரே, இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் வெட்டியிருப்பேன்.)

நாற்பத்து மூன்று பேரும் இறங்கி வந்து, கீழேயிருந்த பாடசாலையில் தங்கினார்கள்.

சரிவு விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. நனைந்த கைக்குழந்தை ஒன்று நெஞ்சுச்சளியோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. சத்தியபாமாவைப் பொலிஸில் மூன்று நாள் தடுத்து வைத்திருந்தார்கள். வருவது யார், உனக்கு யார் சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு கருவி பழைய கட்டை மீளப் பயன்படுத்தியது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த வாக்குமூலத்தை யாரோ ஒருவர் எழுதியும் எடுத்திருக்கிறார். எந்தச் சொற்களில் எழுதினாரோ தெரியாது. என்னுடைய மூன்றாம் பக்கத்துக்கு உதவியிருக்கும்.

அடியிலிருந்து கட்டிய நிரலும் ஒரு விடை தந்தது: 1.00.

7

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அடுத்த வாரம் சரிவு வருகிறது, லயத்தில் சனம் இருக்கிறது. மற்றதில் அவள் கருவியை அழித்துவிட்டு…

(இரண்டையும் கிழித்துவிட்டேன். முதலாவதை எழுத எனக்கு உரிமை இல்லை. இரண்டாவதால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.)

நடந்தது இவ்வளவு. பன்னிரண்டாம் நாள் மறுபடி அடைமழை. மூன்று கட்டும் மூன்று விடை சொல்லின. தோட்டத்துக்கு யாரும் போன் எடுக்கக் கூடாது என்று பணிப்பாளர் எழுத்தில் தந்திருந்தார். பின்னேரம் நான்கு மணிக்குச் சத்தியபாமா தோட்டத்துக்குப் போன் எடுத்தாள். வடிவம்மா பேசினார். குழந்தைக்குச் சுகம் என்றார். போன தடவை ஏறி இறங்கியதில் சனத்துக்குக் கோபம், இனி லேசில் எழும்ப மாட்டார்கள் என்றார். பிறகு தானே கேட்டார்:

"இந்தத் தடவ மண்ணா மிஸ், ஆளா?"

சத்தியபாமா என்ன சொன்னாள் என்று றலியா எனக்குச் சொன்னார். அதை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும், நான் பாடசாலையில் பத்திரமாக இருந்துகொண்டு லயத்தில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்வதுபோல இருந்தது. எழுதாமல் விடுகிறேன்.

போன் இப்போது உங்கள் கையில். நாற்பத்து மூன்று பேர், மூன்று விடைகள், வடிவம்மா காத்திருக்கிறார். அங்கே தகரக் கூரையில் மழை அடிக்கிறது. மெல்லச் சொன்னால் கேட்காது.